ஆய்ந்து செய்யும் திருப்பணி

திருச்சிற்றம்பலம்



பழுதுற்ற திருக்கோயிலைப் புதுப்பிக்கும் பணி, புதிதாக ஒரு கோயில் எடுப்பதினும் மிக்க பயன் தருவது என்பது நம் பெரியோர் கொள்கை. அதனாலன்றோ பன்னீராண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நிகழ்த்துவதைச் சைவ உலகம் தன் கடமையாகக் கொண்டு போற்றி வருகிறது! உழைத்துச் சேர்த்த பொருளில் ஒரு பகுதியை உண்டியலில் இடும் ஏழை அன்பர் முதல், கோபுரம் முழுவதையும் தம் செலவில் புதுக்கித் தரும் செல்வர் வரை, அனைவர் நெஞ்சிலும் நிற்பது ஒரே ஆர்வந்தான். அவ்வார்வம் வாழ்க. ஆயினும், ஆர்வம் ஒன்றே போதுமா? அதற்கு அறிவு துணை நிற்க வேண்டாமா? இவ்விழா நாளில் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

ஒரு கோயிலில் உளி படுமுன், அங்கே இருப்பது இன்னது என்று அறிதல் வேண்டும். அறிந்ததைப் பதிந்து வைத்தல் வேண்டும். அதன் பின்னரே தொடுதல் வேண்டும். இது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று எண்ணுவார் உளர். அன்று. இது நம் மன்னரும் அடியாரும் கைக்கொண்ட பழநெறி என்பதை வரலாறு காட்டுகிறது.

மூலவோலையின் பெருமை

நம்பியாரூரரைத் தடுத்தாட்கொண்ட வரலாற்றை அறியாத சைவர் இல்லை. புத்தூரில் மணப்பந்தரின் கீழ் முதிய வேதியராய் வந்த இறைவன், ‘இவன் எனக்கு அடிமை’ என்று ஓலை ஒன்றைக் காட்டினான். ஆரூரர் வெகுண்டு அவ்வோலையைப் பற்றிக் கிழித்தெறிந்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. கிழிக்கப்பட்டது படியோலையே, மூலவோலை தம்மிடம் உள்ளது என்று முதியவர் அதனை எடுத்து நீட்டினார். அவையத்தார் அப்போது செய்தது என்ன? நாவலூரரின் பாட்டனார் தம் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்பு நோக்கினர். எழுத்து ஒத்தது. வழக்குத் தீர்ந்தது. சைவ உலகுக்குச் சுந்தரர் கிடைத்தார்.

இதனை இன்றைய வரலாற்று ஆய்வாளர் கண்கொண்டு நோக்குவோமாக. மூலம் வேறு, படி வேறு என்ற தெளிவு அங்கே இருந்தது. பழைய எழுத்தைக் காப்பில் வைத்திருந்த ஊர் அங்கே இருந்தது. ஒன்றோடொன்றை ஒப்பிட்டு உண்மை காணும் முறையும் அங்கே இருந்தது. பாட்டனாரின் ஓலையைப் ‘பழங்குப்பை’ என்று எவரேனும் தீயிலிட்டிருப்பின், அவ்வவை எதனைக் கொண்டு தீர்ப்புரைத்திருக்கும்? ஆட்கொள்ள வந்த திருவருளும் ஆவணத்தின் வழியே வந்தது என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

தஞ்சைச் சுவரில் ஒளிந்திருந்த செல்வம்

இவ்வரலாறு தஞ்சை இராசராசேச்சரத்தின் கருவறையைச் சூழ்ந்த சுற்றறையில் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. ஓலையோடு நிற்கும் முதியவரும், கூடியிருக்கும் அவையத்தாரும், வெள்ளை யானை மீது சுந்தரரும் குதிரை மீது சேரமான் பெருமாளும் கயிலை செல்லும் காட்சியும் அங்கே உள்ளன. தென்முகக் கடவுளின் திருவுருவும், தேரேறி முப்புரம் எரிக்கும் பெருமானும், தில்லைக் கூத்தனை வணங்கி நிற்கும் அரச குடும்பத்தாரும் அங்கே காட்சி தருகின்றனர். சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணம் அருளியது 12-ஆம் நூற்றாண்டில். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே, 1010-ஆம் ஆண்டையொட்டி, இச்சுவர் அதே வரலாற்றை வண்ணத்தில் உரைத்தது. அடியார் வரலாறு பின்னாளில் கற்பித்துக் கூறப்பட்டது என்பார்க்கு இதனினும் சிறந்த விடை வேறு வேண்டுமோ?

ஆயினும், இவ்வோவியங்கள் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படவில்லை. நாயக்க மன்னர் காலத்தில் அவற்றின் மேல் புதிய சாந்து பூசிப் புதிய ஓவியங்கள் தீட்டப்பட்டிருந்தன. 1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்று அறிஞர் எஸ்.கே. கோவிந்தசாமி, இருள் சூழ்ந்த அக்குறுகிய சுற்றறையுள் நுழைந்து, மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலே வேறோர் ஓவியம் இருப்பதைக் கண்டார். அது சோழர் கால ஓவியம் என்பதை உலகுக்கு அறிவித்தார். நாயக்கர் காலம் முதல் மறைந்திருந்த சோழர் ஓவியக் கலை, உதிர்ந்த சுதையின் ஊடே வெளிப்பட்டது.

உதிர்ந்த பூச்சைக் கண்டால் நம்மில் பலர்க்குத் தோன்றுவது யாது? ‘சுவர் அழுக்கடைந்து கிடக்கிறதே, சுரண்டி எடுத்து வெள்ளை அடிப்போம்’ என்பதன்றோ? கற்றவர் கண்ணுக்கு அதே உதிர்வு ஒரு சாளரமாயிற்று.

வேதியியல் உரைத்த உண்மை

கண்டறிந்தது முதற்படியே. இனி அதனைக் காப்பது எங்ஙனம்? இங்கே வேதியியல் துணைக்கு வந்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டில் தொல்பொருள்களைக் காப்பதற்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய எஸ். பரமசிவன், பச்சைக் களிம்பேறிச் சிதைந்துகொண்டிருந்த செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையால் மீட்டவர். அவரே தஞ்சை ஓவியங்களின் சாந்தையும் வண்ணத்தையும் ஆராய்ந்தார்.

சுவரில் முதலிற் சுண்ணாம்பும் மணலும் கலந்த பருஞ்சாந்து. அதன்மேல் மெல்லிய சுண்ணச்சாந்து. அது ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டப்பட்டது என்பது அவர் கண்ட முடிபு. ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லின் தன்மை பெற்று இறுகும். இறுகும்போது வண்ணத்தையும் தன்னோடு பிணித்துக்கொள்ளும். ஆதலின் ஓவியன் சாந்து உலருமுன் தன் பணியை முடித்தாக வேண்டும். கோடு பிழைத்தால் அழித்து எழுதுதல் எளிதன்று. அச்சோழநாட்டு ஓவியர்தம் கைத்திறத்தை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகிறது.

இவ்வாய்வு வெறும் அறிவு விருந்து மட்டுமன்று. பசை கலந்து தீட்டிய ஓவியத்தைத் துப்புரவு செய்யும் முறை வேறு. ஈரச் சுண்ணத்தில் தீட்டியதைத் துப்புரவு செய்யும் முறை வேறு. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பவன் நோயாளிக்குப் பகைவனாவான். ஓவியத்துக்கும் அஃதே.

அடுத்து வேறொரு சிக்கல் எழுந்தது. மேலே இருப்பதும் கலைச் செல்வமே. நாயக்கர் கால ஓவியமும் பல நூற்றாண்டு கண்டது. அதனைத் தீட்டியவரும் பக்தியோடு தீட்டியவரே. சோழரைக் காண்பதற்காக நாயக்கரை அழிக்கலாமா? ஆகாது என்று உணர்ந்த நடுவண் அரசுத் தொல்லியல் துறையின் வேதியியலார், மேற்சாந்தைச் சிதையாமற் பெயர்த்தெடுத்துக் கண்ணாடி இழைப் பலகைகளில் ஒட்டிக் காக்கும் முறையைக் கையாண்டனர். பெயர்த்த இடங்களில் சோழர் ஓவியம் வெளிப்பட்டது. நாயக்கர் ஓவியமும் அழியாது நின்றது. இரு தலைமுறையின் வழிபாடும் ஒருங்கே காக்கப்பட்டது. ஒன்றைக் காட்ட ஒன்றைக் கெடுக்காமையே உயர்ந்த திருப்பணி என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

முன்னோர் கைக்கொண்ட நெறி

இனி, இந்நெறி நம் மண்ணுக்குப் புதிதன்று என்பதற்குச் சான்று காண்போம். கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது திருமழபாடி. அங்குள்ள விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி இராசராச சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். ஆணையிட்டவன் மற்றொன்றும் சொன்னான். சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைப் பிரிக்குமுன் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. அவ்வாறே படியெடுத்து வைத்தனர். கோயில் எழுந்த பின்னர், அவன் மகன் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அவ்வெழுத்துகள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. தந்தையின் ஆணை, மகன் காலத்தில் நிறைவேறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அப்புத்தகத்தை எவரோ பொறுப்போடு காத்து வந்தனர். அவர் பெயரை நாம் அறியோம். அவர் செய்த தொண்டின் பயனை நுகர்கிறோம்.

இராசராசனுக்கு முன்னரே இவ்வழியில் நடந்தவர் செம்பியன் மாதேவியார். கண்டராதித்தரின் தேவியாகிய இவ்வம்மையார், செங்கற்றளிகள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றிய பெருமைக்குரியவர். திருக்கோடிக்காவில் பழைய கோயிலைக் கல்லால் எடுப்பித்தபோது, முன்பிருந்த கற்களில் காணப்பட்ட சாசனங்களைப் புதிய சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார். ‘இது பழைய கல்லின் படி’ என்னும் குறிப்பும் அங்கே பொறிக்கப்பட்டது. மூலம் வேறு, படி வேறு என்ற திருவெண்ணெய்நல்லூர்த் தெளிவை இங்கும் காண்கிறோம். தாம் செய்த அறத்தை எழுதுவிப்பது எளிது. தமக்கு முன் எவரோ செய்த அறத்தை அழியாமல் எழுதுவிப்பதற்குப் பெருமனம் வேண்டும்.

ஓலை, செப்பேடு, கல்

தேவாரத் திருமுறைகள் நமக்குக் கிடைத்த வரலாறும் இதனையே வலியுறுத்தும். தில்லையில் பூட்டிய அறையுள் ஏடுகள் செல்லரித்துக் கிடக்க, நம்பியாண்டார் நம்பியின் துணையோடு சோழ மன்னன் எஞ்சியவற்றை மீட்டான் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். அம்மன்னன் இராசராசனே என்பது வழிவழிச் செய்தி. ஏடு அழியும் இயல்பினது என்பதை உணர்ந்தவர் பின்னரும் இருந்தனர். முதற் குலோத்துங்கன் காலத்துப் படைத்தலைவன் நரலோகவீரன், தேவாரப் பாடல்களைச் செப்பேடுகளில் எழுதுவித்துத் தில்லையில் வைத்தான் என்பது அங்குள்ள கல்வெட்டால் தெரிகிறது.

1917-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். திருவிடைவாய்த் திருக்கோயிலில் கல்வெட்டுகளை ஆராய்ந்தபோது, திருஞானசம்பந்தர் அருளிய பதிகம் ஒன்று கல்லில் வெட்டப்பட்டிருக்கக் கண்டனர். அதுவரை தேவார ஏடுகளில் இடம்பெறாத பதிகம் அது! ஓலை கைவிட்டதைக் கல் காத்து வைத்திருந்தது. ஞானப்பிள்ளையாரின் திருவாக்கு ஒன்று, சுவரைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வரும்வரை காத்திருந்தது. அச்சுவரை அதற்குமுன் ஒரு திருப்பணியில் எவரேனும் செதுக்கித் துலக்கியிருப்பின்? எண்ணவும் நெஞ்சு நடுங்குகிறது.

2023-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், அப்பிள்ளையார் அவதரித்த சீகாழியிலேயே, சட்டைநாதர் திருக்கோயிற் குடமுழுக்குக்காக யாகசாலை அமைக்க மண் தோண்டியபோது, செப்புத் திருமேனிகளும், தேவாரம் எழுதிய செப்பேடுகள் நானூற்றுக்கு மேலும் வெளிப்பட்டன. திருப்பணிக்குத் தோண்டும் ஒவ்வொரு முறையும் மண்வெட்டி எதன்மேல் படும் என்பதை நாம் அறியோம். ஆதலின், தோண்டுமிடத்தில் அறிந்தவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கல் பேசாதிருந்தால்

தஞ்சைப் பெருங்கோயிலை எடுத்தவன் இராசராசன் என்று இன்று சிறு பிள்ளையும் சொல்லும். நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் நிலை அதுவன்று. கரிகாலன் கட்டியது என்று தலபுராணம் கூறிற்று. வேறு மன்னர் பெயரை உரைத்தவரும் இருந்தனர். கல்வெட்டறிஞர் ஊல்சு அங்குள்ள எழுத்துகளைப் படித்து, 1891-ஆம் ஆண்டு முதல் அச்சிட்டு வெளியிட்ட தொகுதியினாலேயே ஐயம் முற்றும் அகன்றது. தான் கொடுத்ததையும், தன் தமக்கை குந்தவையார் கொடுத்ததையும், தன் தேவியரும் பிறரும் கொடுத்ததையும் கல்லில் வெட்டுமாறு அம்மன்னன் ஆணையிட்டிருந்தான். திருப்பதியம் விண்ணப்பம் செய்தவர் நாற்பத்தெண்மர், உடன் கொட்டுவோர் இருவர், ஆடல் மகளிர் நானூற்றுவர் என்ற கணக்கெல்லாம் அங்கே உள்ளன. கோயில் எடுத்தவனின் பெயரையே மறந்த நாட்டுக்கு, கோயிலின் கல் அதனை நினைவூட்டிற்று.

இத்தகைய எழுத்துகளுக்கு இக்காலத்து நேர்ந்த பெருந்தீங்கு மணல் வீச்சாகும். பொறியின் விசையால் மணலைச் சுவர்மேல் வேகமாகப் பீய்ச்சி, எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் அகற்றும் முறை இது. சுவர் வெளுத்துத் தோன்றும், காண்பவர் மகிழ்வர். ஆனால் பிசுக்கோடு கல்லின் மேற்றோலும் போகும். கல்வெட்டின் எழுத்து ஆழமானதன்று. ஒருமுறை வீசினால் மங்கும், பின்னும் வீசினால் மறையும். சிற்பத்தின் கண்ணிமையும் விரல் நுனியும் மழுங்கும். தேய்ந்து சொரசொரப்பான கல் முன்னினும் எளிதில் நீரையும் தூசியையும் பற்றும். இதனால் இம்முறை கோயில்களில் தடை செய்யப்பட்டுள்ளது.

சிமிட்டியும் இன்னொரு பகை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர்விட்டு அரைத்த பழைய சுண்ணச்சாந்து, சுவரில் ஏறிய ஈரத்தை வெளியே விடும். சிமிட்டி அதனை உள்ளே அடைக்கும்; அடைபட்ட நீர் உப்பைக் கரைத்துக் கொணர்ந்து கல்லையும் செங்கல்லையும் அரிக்கும். திருச்சுற்றில் தளத்தின்மேல் தளம் இட்டு உயர்த்துவதாலும் கேடு விளைகிறது. அதிட்டானமும் அதிலுள்ள எழுத்தும் மண்ணுள் மறைகின்றன. மழைநீர் வெளியேற வழியின்றிக் கருவறையை நோக்கித் திரும்புகிறது. இவையனைத்தும் பக்தியோடு செய்யப்பட்டவையே. பக்தி குறைந்ததால் விளைந்த கேடன்று இது. ஆய்வு குறைந்ததால் விளைந்தது.

கேள்விச் செய்தியும் மெய்ச்செய்தியும்

ஆராய்ச்சி பக்தியைக் குறைத்துவிடும் என்று அஞ்சுவார் சிலர். தஞ்சை விமானத்தின் உச்சிக்கல் ஒரே கல் என்றும், அவ்விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றும் நெடுநாளாகச் சொல்லி வருகின்றனர். உச்சிச் சிகரம் பல கற்களை இணைத்து அமைத்தது என்று அறிஞர் கண்டு கூறியுள்ளனர். நிழல் நாள்தோறும் விழுவதைக் கண்ணுடையார் காணலாம். இதனால் அக்கோயிலின் பெருமை குன்றிற்றா? இல்லை. இருநூறடி உயரத்தில், பல கற்களை ஆயிரம் ஆண்டு பிரியாதபடி பொருத்திய தச்சரின் அறிவு நம்மை இன்னும் தலைவணங்கச் செய்கிறது. காக்கும் பணிக்கும் இவ்வுண்மை வேண்டும். ஒரே கல் என்று நம்புவோன் அதன் இணைப்புகளைப் பார்க்கமாட்டான். பல கல் என்று அறிந்தவனே இணைப்பில் நீர் கசிகிறதா, ஆலும் அரசும் வேரூன்றியுள்ளனவா என்று ஆண்டுதோறும் நோக்குவான்.

‘கோயில் என்ன, காட்சிச்சாலையா? விளக்கேற்றாமலும் திருமுழுக்காட்டாமலும் பூட்டி வைக்கவா?’ என்று வினவுவார்க்கும் விடை கூறுவோம். வழிபாடு நின்ற கோயில் உயிர் நீங்கிய உடல். தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் ஆகிய மூன்று கோயில்களும் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டுள்ளன. தஞ்சை 1987-இலும் ஏனைய இரண்டும் 2004-இலும் அச்சிறப்பைப் பெற்றன. மூன்றிலும் பூசை நடைபெறுகிறது. தஞ்சையில் 2020-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் குடமுழுக்கும் நிகழ்ந்தது. வழிபாடும் காப்பும் ஒருங்கே இயலும். மாற்றமே கூடாது என்பதும் நம் கருத்தன்று. இராசராசனே பழைய விமானத்தைப் பிரித்தவன்தான். அவன் படியெடுத்த பின்னர்ப் பிரித்தான் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

அன்பர்கள் செய்யத்தக்கவை

2021-ஆம் ஆண்டு சூன் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம், தொன்மைமிகு கோயில்களையும் கலைச்செல்வங்களையும் காப்பது குறித்து 75 கட்டளைகளைப் பிறப்பித்தது. சட்டம் தன் கடமையைச் செய்க. ஆயினும், ஒவ்வொரு சிற்றூர்க் கோயிலின் வாயிலிலும் சட்டம் நிற்றல் இயலுமா? அன்பர்கள்தாம் நிற்க வேண்டும்.

திருப்பணி தொடங்குமுன், கோயிலின் ஒவ்வொரு சுவரையும் தூணையும் விதானத்தையும் ஒளிப்படம் எடுத்து ஒரு படியைக் கோயிலிலும் மற்றொரு படியை வெளியிலும் வைக்கலாம். எழுத்துள்ள கற்களுக்குத் தொல்லியல் துறையாரைக் கொண்டு மைப்படி எடுக்கச் செய்யலாம். நன்கொடை அளிப்போர், ‘இப்பணியால் மறையப்போவது எது?’ என்று ஒரு வினாவைக் கேட்டுப் பின்னர் அளிக்கலாம். பளபளக்கும் ஓட்டுக்கல்லுக்கும் சாயப்பூச்சுக்கும் ஈயும் பொருளை, ஒழுகும் தளவரிசைக்கும் தூர்ந்த நீர்வாரிக்கும் ஈந்தால் கோயில் நூறாண்டு கூடுதலாக வாழும். விளக்கிடுவோர் அதற்கென அமைத்த மேடையில் இடலாம். ஓவியச் சுவரிலும் எழுத்துள்ள தூணிலும் எண்ணெயும் திருநீறும் குங்குமமும் தடவாதிருக்கலாம். மண் தோண்டும்போது பழம்பொருள் தென்படின், தோண்டுதலை நிறுத்தி உரியவர்க்கு உரைக்கலாம். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும்.

நம் கையில் உள்ள கோயில் நாம் கட்டியதன்று. நமக்குப் பின் வருவோர்க்குச் சேரவேண்டிய அடைக்கலப் பொருள் அது. அடைக்கலத்தை அழகுபடுத்துவதாக எண்ணி அதன் எழுத்தை அழிப்பது அறமாகாது. பெற்றதைப் பெற்றவாறே அறிந்து, பேணி, அடுத்த தலைமுறையின் கையில் வைப்போமாயின், அதுவே கூத்தப்பெருமான் உவக்கும் திருப்பணியாகும். அதற்கான அறிவையும் பொறுமையையும் அப்பெருமான் திருவருள் நமக்கு நல்குவதாக.

திருச்சிற்றம்பலம்